தோட்டாச் சட்டமும் எழிலரசியும்

போன மாதம் ஆய்வகத்திலிருந்து ஓர் இளைய அதிகாரி தொலைபேசியில் பேசினார். உரிமம் பெற்ற துப்பாக்கிகளின் சுவடுகளைக் கணினியில் ஏற்றி வைக்கலாமா என்று மறுபடியும் ஒரு யோசனை வந்திருக்கிறதாம். முன்பு அப்படி ஒரு சட்டம் வந்து, ரத்தும் ஆனதே, அதைப் பற்றி விவரம் தெரிந்த யாராவது எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"எழிலரசி மேடம்கிட்டயே கேட்டிருப்போம். அவங்க மகளோட வெளிநாட்டுல இருக்காங்க. அப்ப நீங்களும் கூட இருந்தீங்களாமே, மேடம்?"

அந்த 'நீங்களும்' இருக்கிறதே, அதைப் பணிக்காலம் முழுக்கக் கேட்டுச் சலித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. சரி, எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேட்டது ஒரு பக்கக் குறிப்பு. அதை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நானும் எழிலரசியும் தடயவியல் துறையில் ஒரே நாளில் சேர்ந்தோம். என் அப்பாவும் அம்மாவும் பர்கூர் பக்கம் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் அறிவியல் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அவள் திருநெல்வேலிக்காரி. அவளுடைய அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்தவர். சென்னையில் பயிற்சி. விடுதியில் ஒரே அறை. நான் விடிய விடியப் படித்து வாங்கும் மதிப்பெண்ணை அவள் நன்றாகத் தூங்கி எழுந்து வாங்குவாள். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வெவ்வேறு ஊர்களில் வேலை பார்த்தோம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான சில காலத்தில் அங்கே சிறிய ஆய்வகம் ஒன்று வந்தது. இரண்டு பேரையும் அங்கேயே போட்டார்கள்.

எங்கள் மேலதிகாரி சபாபதி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடயப் பொருள் எது வந்தாலும் அதை வெள்ளைப் பீங்கான் தட்டில் வைப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டைச் சுற்றி நடப்பார். நாங்களும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். போதும் என்று அவருக்குத் தோன்றும் வரை யாரும் எதையும் தொடக் கூடாது. பிறகு எங்களில் ஒருவரைப் பார்த்து, "சொல்லும்மா" என்பார். 'ரத்தக்கறை சார்' என்று ஆரம்பித்தால் போச்சு. "ரத்தம்னு உனக்கு யார் சொன்னா? பழுப்பு நிறக் கறைன்னு சொல்லு. பார்த்ததை மட்டும் சொல்லு. பேரு வைக்கறது கடைசி வேலை." குரலை உயர்த்தவே மாட்டார். தப்பாகச் சொன்னவர்களை மறுபடி ஒருமுறை தட்டைச் சுற்றி நடக்க வைப்பார். அதுதான் தண்டனை. நான் நிறைய நடந்திருக்கிறேன். எழிலரசியும் நடந்திருக்கிறாள் என்பதை எழுதும்போது இப்போதும் ஒரு சின்ன சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் சட்டம் வந்தது. மாநில எல்லையில் கள்ளத் துப்பாக்கி நடமாட்டம் அதிகம் என்று பேச்சு இருந்தது. அதனால், உரிமம் வாங்கிய ஒவ்வொரு துப்பாக்கியையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சுட்டுக் காட்ட வேண்டும், வெளியே விழும் காலித் தோட்டாவை ஆய்வகம் பத்திரப்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள். பிறகு எங்கேயாவது துப்பாக்கிச் சூடு நடந்து காலித் தோட்டா கிடைத்தால், சேர்த்து வைத்தவற்றோடு ஒப்பிட்டுத் துப்பாக்கி யாருடையது என்று சொல்லிவிடலாம். அதற்கு ஒரு நீளமான அரசுப் பெயர் உண்டு. மாவட்டத்தில் எல்லோரும் தோட்டாச் சட்டம் என்றார்கள்.

அந்த வேலைக்கு ஆய்வகத்தின் பின்பக்கம் புதிய அறை கட்டினார்கள். குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, வெளிநாட்டு ஒப்பீட்டு நுண்ணோக்கி. துப்பாக்கித் தடயங்களில் தனிப் பயிற்சி எடுத்தவள் நான். அவள் எடுத்தது சாயங்களும் இழைகளும். ஆகவே அறை எனக்குத்தான் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். சபாபதி சார் ஒரு காலையில் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"எழிலரசி உள்ள உக்காரட்டும். நீ வெளிய போ, முனியம்மா. சம்பவ இடத்துக்கு ஆள் வேணும்."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவளுடைய பெயர்ப்பலகை கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஏறியது. என் மேசை மாடிப்படிக்குக் கீழே போனது.

அன்றிலிருந்து நான் ஜீப்பில் அலைந்தேன். நெடுஞ்சாலை விபத்தில் உதிர்ந்த பெயின்ட், தூக்குக் கயிறு, போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் எரிந்த கிடங்கு. முகமெல்லாம் கரியோடு திரும்பி வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழிலரசி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிருகிறதாம். எனக்கு அந்தச் சால்வையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மாவட்டத்துக்கு வரும் பெரிய அதிகாரிகள் எல்லாரும் அந்த அறையைப் பார்க்காமல் போக மாட்டார்கள். டீ கொண்டுவருகிறவர் கூட முதலில் அங்கேதான் போவார்.

ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். "வா முனி, நீயும் பாரு. எவ்ளோ அழகா இருக்குன்னு பாரு." பார்த்தேன். இரண்டு தோட்டாக்களின் அடிப்பாகமும் ஒரே வட்டத்தில் பாதி பாதியாகத் தெரியும். நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. துப்பாக்கியின் முள் குத்திய பள்ளமும், அதைச் சுற்றி உலோகம் உரசிய கீறல்களும் மலைச்சரிவு போல இருக்கும். இடது பாதியின் கீறல்கள் நடுக்கோட்டைத் தாண்டி வலது பாதியில் முறியாமல் ஓடினால் இரண்டும் ஒரே துப்பாக்கியில் சுட்டவை. ஓடின. உண்மையிலேயே அழகுதான். "ம், பரவால்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தளி, அஞ்செட்டிப் பக்கத்து விவசாயிகள்தான் பாவம். பன்றியும் யானையும் பயிரில் இறங்காமல் இருக்க வானத்தைப் பார்த்துச் சுட உரிமம் வாங்கியவர்கள். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, எப்போதோ வரும் பஸ்ஸைப் பிடித்துக் கிருஷ்ணகிரி வருவார்கள். ஆய்வக வளாகத்துக் கொட்டகையில் ஆயுதப்படைக்காரர்கள் பஞ்சு அடைத்த பெட்டிக்குள் சுட்டுத் தோட்டாவை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி அறைப் பக்கம் அவர்களை விடுவதில்லை. திட்டிக்கொண்டே போவார்கள். அந்தத் திட்டு எனக்குத் தேன் மாதிரி இருக்கும். மதியம் சாப்பிடும்போது எழிலரசியிடம் அப்படியே ஒப்பிப்பேன். "ஒழுங்கா லைசென்ஸ் வாங்கினவன் தோட்டாதான் உன்கிட்ட கீது. நாட்டுத் துப்பாக்கியில தோட்டாவே கெடையாது, மருந்த அள்ளிப் போட்டு இடிச்சுச் சுடறான். அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகாவுல வாங்கின துப்பாக்கி இங்க வராது. அப்பறம் யாரப் புடிக்க இவ்ளோ பெரிய ரூமு?" அவள் கோபப்பட மாட்டாள். "நீ சொல்லுததும் சரிதான்" என்று மோரை ஊற்றிக்கொள்வாள்.

அப்புறம்தான் மாதேஷ் செத்துப்போனது.

தளிக்கு அப்பால், காட்டை ஒட்டிய கிராமம். மாதேஷ் ஓசூரில் பைக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, கல்யாணம் ஆகாத பையன். வார விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், அப்பாவுக்குப் பதிலாக ராகிக் காவலுக்குப் போயிருக்கிறான். காலையில் வரப்போரமாகக் குப்புறக் கிடந்தான். நெஞ்சில் குண்டுக் காயம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே வரப்பில் நின்றது. அவனுடைய அம்மா கன்னடத்தில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எழுந்திரு' என்று அர்த்தம். ஒரு காவலர் சற்றுத் தள்ளி உண்ணிச்செடிப் புதருக்கு அடியிலிருந்து, "மேடம், இங்க ஒண்ணு கீது" என்றார். காலித் தோட்டா. குச்சியால் தூக்கிப் பார்த்தேன். பித்தளை அடிப்பாகம் பச்சை பிடித்திருந்தது. வாயில் மண். வயல் மண் என்று நினைத்தேன். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அதற்குள் போச்சம்பள்ளியில் மறுபடியும் தீ என்று தகவல் வந்தது. போய்விட்டேன்.

தீப்பிடித்த இடத்தில் வேலை முடித்துத் திரும்பிய காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடிக்க நின்றேன். டீக்கடைக்காரர் நாளிதழை நீட்டினார்.

"உங்க ஆபீசு மேடம்தான இது? படம் போட்டுகீறாங்க பாருங்க."

நுண்ணோக்கியில் குனிந்த தலையும் நீளப் பின்னலும். முகம் தெரியவில்லை. தெரிந்துதான் எனக்கு அடையாளம் தெரிய வேண்டுமா? புதிய சட்டத்தின் முதல் வெற்றி என்று போட்டிருந்தது. புதரடியில் கிடைத்த தோட்டா சென்னப்பா என்ற விவசாயியின் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு பொருந்திவிட்டது. சென்னப்பாவுக்கும் மாதேஷின் அப்பாவுக்கும் வரப்புத் தகராறு இருந்தது. கைது செய்துவிட்டார்கள்.

டீயை அப்படியே வைத்துவிட்டேன். அந்தத் தோட்டாவை எடுத்தவள் நான். பெயர் அவளுடையது. படம் அவளுடையது. கடை வாசலிலேயே நின்று அந்தச் செய்தியை மறுபடி மறுபடி படித்தேன், எங்கேயாவது ஒரு பிழை கிடைக்காதா என்று. நியாய உணர்ச்சி என்று சொன்னால் பொய்யாகிவிடும். வயிற்றெரிச்சல்தான். அந்த எரிச்சலில்தான் சட்டென்று உறைத்தது. நான் எடுத்ததற்கு முந்தின இரவு சுட்டு எறிந்த தோட்டாவில் பித்தளை எப்படிப் பச்சை பிடிக்கும்?

ஆய்வகத்துக்கு ஓடினேன். எழிலரசி இல்லை. காவல் கண்காணிப்பாளர் பாராட்டக் கூப்பிட்டிருந்தார். நேராகச் சபாபதி சாரிடம் போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் தோட்டாவை எடுத்துவரச் செய்து தட்டில் வைத்தார். இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினோம்.

"சொல்லும்மா."

"அடிப்பாகத்துல பச்சைப் படிவு சார். மேல இருக்கற பிளாஸ்டிக் குழாய்ல நிறம் வெளுத்து இருக்குது. ஒரு பக்கம் மட்டும்தான் வெளுப்பு. வாய்ல சாம்பல் நிற மண்ணு."

"வயல்ல கெடந்துச்சுல்ல?"

"வயல் மண்ணு சிவப்பு சார். இது சாம்பல். ஒட்டின மண்ணு மாதிரி இல்ல, குழைச்சுப் பூசின மாதிரி இருக்குது. நடுவுல ஒரு ஓட்டை, வட்டமா."

அவர் டார்ச்சை என்னிடம் கொடுத்தார். உள்ளே பார்த்தேன். சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் காய்ந்த புழுத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப பேரு வைக்கலாம்" என்றார்.

"குளவிக் கூடு சார். கட்டி, முட்டை வெச்சு, குஞ்சு பொரிச்சு, ஓட்டை போட்டு வெளிய பறந்தும் போயிடுச்சு. இந்தத் தோட்டா பல வாரமா அங்கதான் கெடந்துருக்கு. பன்னி விரட்டச் சுட்டது."

அவர் டார்ச்சை வாங்கித் தானும் உள்ளே பார்த்தார். பிறகு எழிலரசியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அவள் நல்ல பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டே வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்ல வேண்டும் என்று. அவள் டார்ச்சை வாங்கி உள்ளே பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"நான் அடிப்பாகத்த மட்டும்தான் பாத்தேன் சார். உள்ள பாக்கவே இல்ல" என்றாள். டார்ச்சை அணைத்தாள். உடனே, "மொதல்ல அந்த மனுசன வெளிய கொண்டாரணும்" என்றாள்.

நான் தயார் செய்த பதில் எதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

"முனி, உடம்புல இருந்து எடுத்த குண்டு வந்துட்டா?"

மருத்துவமனையிலிருந்து அந்த உறை அன்று காலைதான் வந்திருந்தது. பிரித்தோம். குண்டுகள் ஒரே அளவில் இல்லை. உருக்கி வார்த்த ஈயத்துண்டுகள், ஒன்றிரண்டு சைக்கிள் பேரிங்கில் இருக்கும் பால்ஸ். காயத்துக்குள்ளிருந்து எடுத்த அடைப்பு கருகிய தேங்காய் நார். கடையில் வாங்கும் தோட்டாவில் தேங்காய் நார் இருக்காது. நாட்டுத் துப்பாக்கி. காலித் தோட்டாவே விழாத துப்பாக்கி.

காவல் ஆய்வாளர் எழிலரசியிடம் தொலைபேசியில் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. "பேப்பர்ல எல்லாம் வந்துருச்சு மேடம். இப்ப வந்து இல்லைன்னா நான் மேல என்னன்னு சொல்றது?"

எழிலரசி சொன்னாள்: "துப்பாக்கி அவருதுதான் சார். அதுல தப்பில்ல. எப்ப சுட்டதுன்னு என்னால சொல்ல முடியாது. முனியம்மாவால முடியும். அன்னைக்கு சுடலைன்னு அவ சொல்லுதா. அப்படித்தான் எழுதி அனுப்புதோம்."

பிறகு காவல்துறை அடுத்த மலைக்குடியிருப்பில் வைக்கோல் போருக்குள்ளிருந்து ஒரு நாட்டுத் துப்பாக்கியை எடுத்தது. இருட்டில் ராகி அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுட்டேன் என்று ஒருவர் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். சென்னப்பாவை விட்டுவிட்டார்கள்.

சட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். சென்னையிலிருந்து மேலதிகாரிகள், காவல்துறை, விவசாயிகள் தரப்பில் சிலர். என்ன பேசுவது என்று மனதுக்குள் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். அந்தக் கண்ணாடி அறைக்குப் பூட்டு விழ வேண்டும். அதுவும் என் வாயால் விழ வேண்டும். சபாபதி சார் ஆய்வகம் சார்பில் ஒருவர்தான் பேசலாம் என்றார். பொறுப்பு அதிகாரி பேசட்டும் என்றார்.

எழிலரசி எழுந்தாள். தன் அறையைக் காப்பாற்றத்தான் பேசப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

"நாங்க சேத்து வெச்சிருக்கது ஒழுங்கா உரிமம் வாங்கினவங்க தோட்டா மட்டும்தான். நாட்டுத் துப்பாக்கி தோட்டாவே போடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கினது எங்ககிட்ட வராது. இந்தச் சட்டத்தால இதுவரைக்கும் ஒரே ஒருத்தரத்தான் புடிச்சோம். அவரு ஒரு தப்பும் செய்யாதவரு. அந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டது நான். இந்தச் சட்டம் வேண்டாம்னு கேட்டுக்கிடுதேன்."

அவள் சொன்னதில் பாதி, மதியச் சாப்பாட்டில் அவளைக் குத்திக்காட்ட நான் சொன்னது. என் வாயில் குத்தலாக இருந்தது அவள் வாயில் நேர்மையாகிவிட்டது. அதோடு விட்டாளா? "அந்தக் குளவிக் கூட்டக் கண்டுபுடிச்சது என் தோழி முனியம்மாள். அவ இல்லைன்னா ஒரு மனுசன் உள்ளயே இருந்திருப்பாரு" என்று என்னைக் கைகாட்டினாள். எல்லாரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி அவளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட பெண், பக்கத்தில் இருப்பவளையும் மறக்காமல் சொல்கிறாளே என்று. எனக்கு வந்த பாராட்டும் அவள் கணக்கில்தான் சேர்ந்தது.

சில மாதத்தில் சட்டம் ரத்தானது. சேர்த்து வைத்த தோட்டாக்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நுண்ணோக்கியைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். எழிலரசிக்கும் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ரூம நீ வெச்சுக்கோ முனி. ஒனக்கு வரவேண்டியதுதான்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

காலியான அறைக்கு என் மேசை போனது. தரையில் நுண்ணோக்கி மேசை இருந்த இடத்தில் ஒரு வெளிறிய சதுரம். கதவோரம் பெயர்ப்பலகை அவளுடையதுதான். கழற்ற ஆள் வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படி ஒரு காலையில் வெளுத்த வேட்டி கட்டிய ஒருவர் வாசலில் நின்றார். கூட, கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். அந்தப் பெண் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் தடுப்பதற்குள் என் காலைத் தொட்டுவிட்டார்.

"நமஸ்காரா மேடம். நான் சென்னப்பா. தளி பக்கம். நீங்க இல்லாங்காட்டி நான் ஜெயில்லயே செத்துருப்பேன், மேடம்."

எழுந்து நின்றேன். நான் அவரில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் விடவில்லை.

"வக்கீலு எல்லாம் சொன்னாரு மேடம், என்னை விடச் சொன்ன ரிப்போர்ட்ல உங்க பேரையும் காட்டினாரு. ஒரு குளவிக் கூடு. அத்துக்குள்ள பாத்தீங்களாமே. எத்தினி பேரு அந்தத் தோட்டாவ கையில எடுத்தாங்க, உள்ள பாக்கணும்னு உங்களுக்குத்தான மேடம் தோணிச்சு?"

ஆமாம். எனக்குத்தான் தோன்றியது. அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து, என் கையைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் மகளிடமிருந்து குழந்தையை வாங்கி என் கையில் கொடுத்தார். "பேத்தி மேடம். நான் வெளிய வந்தப்பறம் பொறந்திச்சு. உங்க பேருதான் வெச்சிருக்கோம். எளிலரசி."

குழந்தை கனமாக இருந்தது. கண்மை அப்பியிருந்தது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் கைகூப்பியபடியே இருந்தார். பழைய பலகையைக் காட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

"எளில் இல்லீங்க" என்றேன். "எழில். நாக்க நல்லா மடிச்சுச் சொல்லணும். எழிலரசி."

"எளி... எல்... நம்ம நாக்குக்கு வராது மேடம்."

"வரும், சொல்லுங்க" என்றேன். வராத அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்ல, மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கையிலிருந்த குழந்தை, நான் ஒவ்வொரு முறை அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லும்போதும் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது.